காவலனை மாற்றாதே

கிள்ளான்,
2 மார்ச் 2025

லோகேஸ்வரி,

விதி பன்னிரண்டின்படி எழுதுகிறேன். உனக்கு மறந்திருக்காது. சங்கத்தில் இரண்டு பேருக்குள் சண்டை வந்தால் வாயால் பேசக் கூடாது, காகிதத்தில்தான் பேச வேண்டும். தனேஷும் குருவும் அடித்துக்கொண்டு மேசையை உடைத்த வருடம் நீ கொண்டுவந்த விதி அது. ஒன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்சப்பில் என்னை ப்ளாக் செய்திருக்கிறாய். குழுவை விட்டும் போய்விட்டாய். ஆகவே இதைச் சண்டை என்றே எடுத்துக்கொள்கிறேன். முகுந்தனிடம் கொடுத்தனுப்பினால் ரயிலிலேயே பிரித்துப் படித்துவிடுவான், அதனால் தபால். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். கடிதத்துக்கு இரண்டு மூன்று நாளாம். போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருடமாக நாம் மேசையில் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்தி ஆடும் ‘ட்ரை மூன்’ படமாகிறது என்று தெரிந்த அன்று, தொழிற்சாலையில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு சத்தம். அதன் தமிழ் டப்பிங் உங்கள் அலுவலகத்தில்தான், வசனம் நீதான் என்று தெரிந்ததும் சங்கத்தில் கேக் வெட்டினோம். இப்போது ட்ரெய்லர் வந்திருக்கிறது.

வறண்ட நிலவில் மிச்சமிருப்பது ஒரே ஒரு கிணறு. இரண்டு படைகள். கிணற்று வாசலில் காவலன். இந்த ஆட்டத்தின் உயிரே அவன்தான். இங்கிலீஷ் வராத முகுந்தனுக்காக நாம் இருவரும் பதினாறு வயதில் தமிழாக்கிய விதிப் புத்தகம், பக்கம் பதினான்கு: ‘மனம் ஆறும் வரை வாசலை விட்டு அகலமாட்டான்.’ அவனை வைத்து ஆடுகிறவர் எழுந்து நின்று ‘மனசு ஆறிடுச்சு’ என்று சொன்னால் ஒழிய அவனை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. தோற்றாலும் சரி. அந்தப் புத்தகத்தின் பிடிஎஃப் இன்று பினாங்கு முதல் ஜொகூர் வரை எல்லாத் தமிழ்ப் பையன்களிடமும் இருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

ட்ரெய்லரில் அவன் என்ன செய்கிறான்? எவளோ ஒரு புதுச் சிப்பாய் வருகிறாள். இவன் சல்யூட் அடிக்கிறான், பையைத் தூக்குகிறான், போய்விடுகிறான். அடுக்குமாடி வாசலில் நிற்கும் காண்டோ கார்டு ஷிப்ட் முடிந்து மோட்டார்சைக்கிளை எடுக்கப் போகிற மாதிரி. கோடிக்கணக்கில் கொட்டி எடுத்தவனுக்குப் பொம்மையோடு வரும் விதி அட்டையைப் படிக்கத் தெரியவில்லை.

‘காவலனை மாற்றாதே’ என்று நான் எழுதிய மனுவில் இன்றுவரை 1,900 கையெழுத்து. படத்தை மாற்ற முடியாது, எனக்கும் தெரியும். டப்பிங்கை மாற்றலாம். அவனுடைய கடைசி வசனத்தை ‘மனம் ஆறியது’ என்று எழுது. போவதற்கு ஒரு காரணமாவது இருக்கும். மே 29 கிள்ளானில் முதல் காட்சி, முழு ஹாலும் நம் சங்கம்தான். வசனம் வேறு மாதிரி வந்தால் அத்தனை பேரும் எழுந்து வெளியே வருவோம். மிரட்டல் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

ஆமாவா இல்லையா, அது மட்டும் போதும்.

குகன்

•

பிரிக்பீல்ட்ஸ்,
6 மார்ச்

குகன்,

நேற்றுக் கிடைத்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் ஏன் பேசவில்லை என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

உன் மனுவின் மூன்றாவது பத்தியை எடுத்து நீயே படி. ‘கடைசியில் காவலன் ஐ ஸ்டேண்ட் ரிலீவ்ட் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான்’ என்று எழுதியிருக்கிறாய். ட்ரெய்லரில் அந்த வசனம் இல்லை. ட்ரெய்லரில் அவன் வாயே திறக்கவில்லை. இந்த நாட்டில் அந்த வசனம் தெரிந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். ஆறாவது ஆள் நீ.

உனக்கு எப்படித் தெரியும்? பிப்ரவரியில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், அந்த வசனத்தைச் சொல்லி நான்தான் கேட்டேன். “டேய், வாயசைவு நாலு அசைதான் இருக்கு. இத எப்படிடா தமிழ்ல அடக்கறது?” நீ இலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. “இதுல யோசிக்க என்னலா இருக்கு, மனசு ஆறிடுச்சுன்னு போடு” என்று சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டாய். படம் வெளிவரும்வரை ஒரு சொல்லும் வெளியே போகாது என்று கையெழுத்திட்டவள் நான். உன்னிடம் கேட்டது என் தப்பு. அதை ஊருக்கே எழுதி ஒட்டியது உன் தப்பு.

போன வாரம் உஷாராணி மேடம் அறைக்குக் கூப்பிட்டார். உன் மனு கணினியில் திறந்திருந்தது.

“லோகா, நீ இந்த கேம் ஆடுவதானே?”

“ஆமா மேடம்.”

“இத எழுதினவர தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“என்கிட்ட வாயால ஒண்ணும் சொல்லாத. இருபதாம் தேதிக்குள்ள எழுத்துல குடு. எப்படி வெளிய போச்சுன்னு.”

கடைசி இருபது நிமிடப் படத்தை அன்றே என் கணினியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆறு வருடம் சோப்பு விளம்பரத்துக்கும் சமையல் நிகழ்ச்சிக்கும் எழுதியிருக்கிறேன். என் பெயர் திரையில் வரப்போகும் முதல் படம் இது. வருமா என்பது இப்போது இருபதாம் தேதியில் இருக்கிறது. உன் ஹாலும் உன் வெளிநடப்பும் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று நீயே கணக்குப் போடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மனுவைத் தொடாதே. நீக்காதே, திருத்தாதே, விளக்கம் எழுதாதே. இப்போது நீ எதைச் செய்தாலும் அது வாக்குமூலம். சும்மா இரு. உனக்கு வராத வேலை அது. முயற்சி செய்.

லோகேஸ்வரி

•

கிள்ளான்,
8 மார்ச்

லோகா,

படித்த பத்தாவது நிமிடம் மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டேன். தொடாதே என்று எழுதியிருந்தாய், தெரியும். ஆனால் குழாய் கசிந்தால் முதலில் வால்வை மூடு, அப்புறம் காரணம் தேடு. அதுதான் என் வேலை, தினமும் அதைத்தான் செய்கிறேன். கசிவைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்றால் என்னால் முடியாது.

வழியும் கண்டுபிடித்துவிட்டேன். நம் காவலனின் இங்கிலீஷ் அட்டையில் என்ன இருக்கிறது? ‘ஹோல்ட்ஸ் அன்டில் ரிலீவ்ட்.’ கடையில் யாரும் வாங்கிப் படிக்கலாம். அட்டையில் அப்படி இருந்தால் படத்தின் கடைசி வசனம் என்னவாக இருக்கும்? எவனும் ஊகிக்கலாம். நான் ஊகித்தேன். அவ்வளவுதான். இதை உங்கள் மேடத்துக்குக் கடிதமாக எழுதியிருக்கிறேன், நகல் இத்துடன். நீயும் இதையே எழுதிக் கொடு. இரண்டும் பொருந்தும். ஃபைல் மூடிவிடுவார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. அல்லது படு. சாப்பாட்டுக் கடையில் கேட்டபோது இது ரகசியம் என்று நீ சொல்லவில்லை. லேபிள் ஒட்டாத வால்வை ஒருவன் திருகிவிட்டால் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தொழிற்சாலையில் விசாரணை வந்தால் முதல் கேள்வியே லேபிள் இருந்ததா என்பதுதான்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. ‘மனம் ஆறியது’ என்று எழுத உனக்கு என்ன தயக்கம்? புத்தகத்தில் அந்தச் சொல்லைப் போட்டது நீதானே. நீ எழுதியதிலேயே நல்ல வரி அது. பதினோரு வருடமாக எல்லோர் வாயிலும் இருக்கிறது. பெரிய ஸ்டுடியோ வேலை கிடைத்ததும் உன் சொல் உனக்கே கசக்கிறதா?

குகன்

•

பிரிக்பீல்ட்ஸ்,
12 மார்ச்

குகன்,

நீ பத்தியை எடுத்த அன்று மாலையே பினாங்கில் ஒருவர் எடுப்பதற்கு முன், எடுத்த பின் என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இதை ஏன் நீக்கினார்கள்?’ என்று கேட்டுப் போட்டிருக்கிறார். உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே அது மேடத்தின் மேசைக்கு வந்துவிட்டது. நல்ல வால்வு.

ஊகித்தேன் என்பது நல்ல பொய்தான். நம்புவார்கள். ஆனால் அதில் என் கையெழுத்தும் வேண்டும். அதற்குப் பிறகு நான் இந்த வேலையில் இருக்கும்வரை நீ கோபத்தில் ஒரு நாள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். உன் வாயை எனக்குத் தெரியும். உன் கடிதத்தை அனுப்பாதே. அனுப்பினால் அது பொய் என்று நானே சொல்வேன்.

இப்போது பக்கம் பதினான்கு. கையெழுத்துப் படி என்னிடம்தான் இருக்கிறது. நகலெடுத்து இணைத்திருக்கிறேன். தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன். பென்சிலில் இருப்பது என் கையெழுத்து: ‘ஆள் மாறும் வரை வாசலை விட்டு அகலமாட்டான்.’ அதன் மேல் சிவப்புப் பேனாவில் அடித்து ‘மனம் ஆறும்’ என்று எழுதியிருப்பது யார் என்று பார். ஓரத்தில் ‘ரிலீஃப் என்றால் நிம்மதி!! டிக்ஷனரி பார்’ என்றும் இருக்கிறது. டிக்ஷனரி என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

காவலுக்கு நிற்பவனை ரிலீவ் செய்வது என்றால் அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்வது. சிப்பாய், நர்ஸ், கப்பல்காரன் எல்லோருக்கும் அதே சொல். அடுத்த ஆள் வரும்வரை அவன் போக முடியாது. வந்தால் போக வேண்டும். காண்டோ கார்டு என்று சிரித்தாயே, அதேதான். அதற்கு மேல் கதையை உனக்குச் சொல்லமாட்டேன், ஒரு தடவை சொன்னதே போதும். படம் சரி. அட்டை சரி. நம் புத்தகம்தான் தப்பு. 1,900 பேர் உன் சிவப்புப் பேனாவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்பாய். அப்போது உனக்கு இங்கிலீஷில் ஏ பிளஸ், எனக்கு பி. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் உண்மை தெரிந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்தக் கூட்டத்துக்குத்தான் முகுந்தன் வந்தான், அவன் அப்பாவின் கருமக்கிரியை முடிந்து மூன்றாம் நாள். ஆட்டத்தின் நடுவில் எழுந்து நின்று “மனசு ஆறிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் காவலனை வாசலிலிருந்து எடுத்து மேசைக்கு வெளியே வைத்தான். அதற்குப் பிறகு யாரும் பகடையைத் தொடவில்லை. பதினோரு வருடத்தில் நம் மேசையில் எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆள் அவன். அன்றைக்கு நான் எழுந்து, அது தப்பான மொழிபெயர்ப்பு என்று சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லவில்லை. ஆனால் அந்தத் தப்பை ஒரு படத்தின் வாயில் வைக்கமாட்டேன். உன் கேள்விக்குப் பதில்: இல்லை.

லோகேஸ்வரி

•

கிள்ளான்,
15 மார்ச்

லோகா,

நகலை நான்கு தடவை பார்த்தேன். என் கையெழுத்துதான். அந்த இரண்டு கோடும் என்னுடையதுதான்.

இருந்தாலும் நீ சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் பாய்லர் அறையில் ஒரு கிளிப்போர்டு தொங்கும். ஷிப்ட் மாறும்போது நிரப்பும் ஃபாரம். மூன்று வருடமாகத் தினமும் காலையில் அதில் நான் கையெழுத்துப் போடுகிறேன். இன்று முதல் முறையாகப் படித்தேன். கடைசிக் கட்டம்: ‘ரிலீவ்ட் பை.’ அதற்கு நேராக ஒரு பெயர், ஒரு கையெழுத்து, ஒரு நேரம்.

பழனியப்பன் அண்ணன் ஷிப்ட் முடிந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாகப் பாய்லர் பார்க்கிறவர், ஆறாம் வகுப்பு வரை படித்தவர்.

“அண்ணே, இந்த ரிலீவ்ட்னா என்ன அர்த்தம்?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன பாஸ், டெஸ்டா?”

“சும்மா சொல்லுங்க.”

“அடுத்த ஆளு வந்தாச்சு, இனிமே வெடிச்சா அவன் பாடு, நான் வீட்டுக்குப் போறேன்னு அர்த்தம் லா.”

“மனசு நிம்மதியாச்சுன்னு அர்த்தம் இல்லையா?”

“நிம்மதியா? போன வாரம் அந்த மணியம் பையன் ஒன்றரை மணி நேரம் லேட்டு. எனக்கு எங்க நிம்மதி? அவன் வந்து கையெழுத்துப் போடுற வரைக்கும் ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது. இஞ்சினியருக்கு இது தெரியாதா?”

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறது. எட்டு வருடம் தெரிந்துவைத்திருந்து சொல்லாமல் இருந்திருக்கிறாய். ஆனால் அதை இப்போது பேசி என்ன. நாளை ஞாயிறு, சங்கக் கூட்டம். எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது, படம் சரி, மனுவை மூடுகிறோம் என்று. இருபதாம் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். உங்கள் மேடத்துக்கும் அது தெரியவரும். அது உனக்கு உதவும், இல்லையா?

ஊகக் கடிதத்தை அனுப்பவில்லை.

குகன்

•

பிரிக்பீல்ட்ஸ்,
21 மார்ச்

குகன்,

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் உன் மனுவைத் திறந்து பார்த்தேன். 2,600. புதன்கிழமை தனேஷ் எனக்குச் செய்தி அனுப்பினான்: ‘அக்கா, நம்ம குகன் சிங்கம் லா, விடவே மாட்டான்.’ கூட்டத்தில் நீ என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று என் விளக்கத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான். வசனத்தின் பொருளுக்காக ஒரு நண்பரிடம் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, அவருடைய பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஊகிச்சிருப்பாங்கன்னு எழுதியிருக்கலாமே லோகா. நானே ஒத்துக்கிட்டிருப்பேன்.”

“அது உண்மை இல்ல மேடம்.”

“உன்ன வெளிய அனுப்ப மனசு வரல. ஆனா இந்தப் படத்துல நீ இருக்க முடியாது. படக் கம்பெனிக்காரங்க வெளிய விட்டது யாருன்னு பேரு கேப்பாங்க.”

வேலை போகவில்லை. படம் போய்விட்டது. திங்கள் முதல் மறுபடி சமையல் நிகழ்ச்சி. இதுவரை எழுதிய எண்பது நிமிட வசனத்தையும் இன்று காலை வேறொருவருக்கு அனுப்பினேன். யார் என்றும் சொல்லவில்லை, எந்த ஊர் என்றும் தெரியாது. கடைசி வசனத்துக்கு நான் வைத்திருந்தது ‘காவல் மாறியது.’ உதடு முழுதாகப் பொருந்தாது, ஆனால் பொருள் நிற்கும். ஏன் அப்படி என்று அரைப் பக்கம் குறிப்பும் வைத்தேன். அதைப் படிப்பார்களா என்பது இனி என் கையில் இல்லை. திரையில் யார் பெயர் வந்தாலும் என் பெயர் வராது.

எனக்காக யாரிடமும் எதுவும் பேசாதே. பேச வேண்டிய நாள் போன ஞாயிறு.

லோகேஸ்வரி

•

கிள்ளான்,
25 மார்ச்

லோகா,

என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன், காரணம் சொல்வதற்காக இல்லை.

எழுந்து நின்றேன். நாற்பது பேர் இருந்தார்கள். தரையில் அட்டை விரித்து ‘காவலனை மாற்றாதே’ என்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். முகுந்தன் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அவன் வேலை செய்யும் துணிக்கடையிலிருந்து கறுப்புத் துணி கொண்டுவந்திருந்தான், எல்லோர் கையிலும் கட்ட. “அண்ணே பேசப் போறாரு, சத்தம் போடாதீங்க” என்று அவன்தான் எல்லோரையும் அடக்கினான். அப்புறம் என்னைப் பார்த்தான். நீ எழுதியிருந்த அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. நானும் அங்கேதானே இருந்தேன்.

பார்க்கிங் பற்றிப் பேசினேன். பின்னால் லோரி நிறுத்தும் இடத்தில் யாரும் காரை விடாதீர்கள் என்றேன். கை தட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

முகுந்தனுக்காகத்தான் சொல்லாமல் விட்டேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. மற்றப் பாதி, 2,600 பேருக்கு முன்னால் எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று சொல்ல முடியவில்லை. நான் எல்லோரையும் திருத்துகிறவன். உன்னைத் திருத்தினவன்.

பதில் எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது.

குகன்

•

கிள்ளான்,
30 மே

லோகா,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. பதில் எழுதாதவர் தோற்றவர் என்ற விதிப்படி நான் ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்ல எழுதவில்லை.

நேற்று முதல் காட்சி. 212 இருக்கையும் நிறைந்திருந்தது. முதல் எண்பது நிமிடம் உன் வசனம்தான், எனக்குத் தெரியும். கிணற்றடியில் தளபதி ‘தண்ணிக்குப் பேரு கிடையாது’ என்று சொல்லும் இடத்தில் ஹாலே அமைதியாகிவிட்டது. கடைசிக் காட்சி வந்தது. நாற்பது வருடமாக ஆள் வராமல் அவன் நிற்கிறான். அவனுடைய படையே அவனை மறந்துபோய்விட்டது. ஒவ்வொரு நாளும் சாலையைப் பார்க்கிறான். அந்தப் பெண் தூசிக்குள்ளிருந்து நடந்து வரும்போது நான் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். காண்டோ கார்டு என்று எழுதியவன் நான். சல்யூட் அடித்தான். வாயைத் திறந்தான்.

‘மனம் ஆறியது.’

ஹால் வெடித்தது. விசில், கறுப்புத் துணியைக் கழற்றி மேலே எறிகிறார்கள், தனேஷ் இருக்கை மேலேயே ஏறிவிட்டான். முகுந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நம்மள கேட்டாங்கண்ணே, நம்ம பேச்ச கேட்டாங்க.” அதற்குள் திரையில் அந்தப் பெண் ‘வாசல் இனி என் பொறுப்பு’ என்கிறாள். யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் பொருந்தியிருக்காது. ஒருத்தன் நிம்மதி என்கிறான், இன்னொருத்தி பொறுப்பு என்கிறாள். என்ன பேசிக்கொள்கிறார்கள் இரண்டு பேரும்? நாற்பது வருடம் அவன் எதற்கு நின்றான் என்பதே அந்த இரண்டு சொல்லில் போய்விட்டது. உன் குறிப்பை எடுத்துவிட்டு என் மனுவைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

விளக்கு போட்டதும் திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

“எல்லாரும் உக்காருங்க. ஒரு விஷயம் இருக்கு.”

“ஸ்பீச்சா அண்ணே? வெளிய நாசி லெமாக் சாப்பாடு வெயிட்டிங் லா!”

சொன்னேன். பக்கம் பதினான்கு, சிவப்புப் பேனா, பாய்லர் ஃபாரம், எல்லாம். முதலில் சிரித்தார்கள், ஜோக் என்று நினைத்து. அப்புறம் சிரிப்பு நின்றது.

“அப்போ நாம ஜெயிச்சது?” என்றான் தனேஷ்.

“படத்த கெடுத்துட்டோம். நான் கெடுத்தேன்.”

“சரியான வார்த்தைய எழுதினது யாரு?” குரு கேட்டான்.

“லோகேஸ்வரி. பதினாறு வயசுல. இந்தப் படத்துலயும் அவங்கதான் எழுதினாங்க. அவங்க பேரு வரல, பாத்தீங்கல்ல? அதுக்கும் நான்தான் காரணம். அவங்க என்ன நம்பிக் கேட்டத நான் மனுவுல எழுதிட்டேன்.”

பின்வரிசையிலிருந்து ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. முகுந்தன் எழுந்தான். “அண்ணே, அப்போ எங்கப்பாவுக்காக நான் சொன்னது?” என்றான். உடனே வெளியே போய்விட்டான். இன்று காலை அவன் கடைக்குப் போனேன். துணி அளந்துகொண்டிருந்தான். நான் கடைக்கு வந்த ஆள் மாதிரி, “என்ன வேணும் பாஸ்?” என்று கேட்டான். அண்ணே என்று சொல்லவில்லை.

மனுவை மூடிவிட்டேன். ஏன் என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். உங்கள் அலுவலகத்தின் பெயரையோ மேடத்தின் பெயரையோ எழுதவில்லை. உன் வசனம் திரும்ப வராது என்று தெரியும். புத்தகத்தைப் புதிதாக அச்சடிக்கிறேன். பக்கம் பதினான்கு இத்துடன் இருக்கிறது, நீ பென்சிலில் எழுதியது எழுத்து மாறாமல்: ‘ஆள் மாறும் வரை வாசலை விட்டு அகலமாட்டான்.’ கீழே உன் பெயர்.

மன்னித்துவிடு. மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டிய வார்த்தை.

குகன்

•

பிரிக்பீல்ட்ஸ்,
4 ஜூன்

குகன்,

நானும் வியாழக்கிழமையே பார்த்தேன், கே.எல். சென்ட்ரலில், மத்தியானக் காட்சி. பதினொரு பேர் இருந்தோம். ‘மனம் ஆறியது’ என்றபோது யாரும் கை தட்டவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆன்டி பக்கத்தில் திரும்பி, “என்னவாம் அவனுக்கு?” என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். என் பெயர் இல்லாத பட்டியலைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முகுந்தன் நேற்று வந்தான். நீ அனுப்பினாயோ என்று முதலில் நினைத்தேன். இல்லை என்றான். அவனிடம் நான் சொன்னது அவனுக்கும் எனக்கும். உனக்கு எழுதமாட்டேன்.

நீ அனுப்பிய பக்கத்தை இப்படியே அச்சடிக்காதே. ‘ஆள் மாறும் வரை’ தப்பு. ‘அவன் ஆளே மாறிட்டான்’ என்று நாம் சொல்வது எதை? குணத்தை. படிக்கிறவன் காவலனுக்குப் புத்தி மாறும் வரை என்று எடுத்துக்கொள்வான், இன்னொரு பதினோரு வருடம் அப்படி ஆடுவார்கள். பதினாறு வயதில் நான் எழுதியதும் அவசரம்தான். ‘அடுத்த காவலர் வந்து பொறுப்பேற்கும் வரை’ என்று போடு. நீளம்தான். அட்டையில் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சின்னதாக்கு, சொல்லைக் குறைக்காதே.

மனம் ஆறும் விதியைத் தூக்கிவிடாதே. அதைத் தனியாக, சங்கத்து வழக்கம் என்று தலைப்புப் போட்டு வை. முகுந்தன் சம்மதித்தால் மட்டும். அவனிடம் நீ கேட்க வேண்டும், நான் கேட்கமாட்டேன்.

பக்கம் இருபத்தொன்றையும் பார். ‘நோ குவார்ட்டர்’ என்பதற்கு ‘கால் பங்கு கிடையாது’ என்று இருக்கிறது. சரணடைந்தவனுக்கும் உயிர்ப்பிச்சை இல்லை என்று அர்த்தம். இத்தனை வருடமாகத் தோற்றவனுக்குத் தண்ணீரில் கால் பங்கு தராமல் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அது உன் பேனா இல்லை. நான் எழுதியது. இன்னும் எத்தனை இருக்கிறதோ, இரண்டு பேருடையதும்.

முழுப் புத்தகத்தையும் அனுப்பு, அச்சுக்குப் போவதற்கு முன்னால். என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் போடு, தப்பு கண்டுபிடிப்பவர்களுக்கு இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும்.

கோபம் அப்படியேதான் இருக்கிறது. அது வேறு, புத்தகம் வேறு.

லோகேஸ்வரி